கால் வலி என்று சொன்னோம்

1

ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்குக் கீழே ஒரு கடிதம் தொங்குகிறது. பெண்கள் நோய்ப் பிரிவு, மூன்றாம் மாடி, வியாழக்கிழமை காலை எட்டு நாற்பது. காப்பீட்டு அட்டையோடு வரவும். வர முடியாவிட்டால் முன்கூட்டியே தெரிவிக்கவும். ஜெர்மனிக்கு வந்து இருபத்துமூன்று வருஷமாகிறது. இந்த ஊரில் கடிதம் போடாமல் யாரும் தும்மக்கூட மாட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டைக் கூட்டச் சொல்லிக் கடிதம் போடுவார். அவர் குடியிருப்பது எனக்கு நேர் மேல் மாடியில். வந்த கடிதங்களையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். அத்தனையும் ஆபீஸ் கடிதம். எப்படி இருக்கிறாய் என்று கேட்டு ஒன்றுகூட இல்லை.

இந்தக் கடிதம் வருடாந்திரப் பரிசோதனைக்கு. போன ஆடியில் என் உடம்பிலிருந்து மிளகளவு தோலை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பயாப்ஸி என்பார்கள். எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்பீர்கள். அதை எழுத உட்கார்ந்து மூன்று தடவை எழுந்து போய்க் காப்பி போட்டுவிட்டேன். சரி, எழுதிவிடுகிறேன். பெண்ணுறுப்பின் வெளித்தோலிலிருந்து. இதைப் படிக்கிற ஆண்கள் வேண்டுமானால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகலாம். ஆனால் உங்கள் வீட்டிலும் அக்கா தங்கச்சி இருப்பார்கள். புரட்டாமல் படியுங்கள்.

2

நான் கொல்லிமலைக்காரி. மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்போம், நான் எடப்புளி நாட்டில் பிறந்தவள். என்னைக் கட்டியவர் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரர். ஃபிட்டர் வேலை தெரிந்தவர். அந்த வேலைதான் அவரை இங்கே கூட்டிவந்தது, அவர் என்னைக் கூட்டிவந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் மலர் ரயிலில் நான்கு மணி நேரத் தூரத்தில் வேறொரு நகரத்தில் வேலை பார்க்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை போன் வரும். என்னோடு தமிழில்தான் பேசுவாள், குறை சொல்லக் கூடாது. ஆனால் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதுபோல் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் ஜெர்மனுக்குப் போய்விடுவாள். அப்புறம் அங்கிருந்து திரும்பி வரவே மாட்டாள்.

நான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கு ஷிஃப்ட். எட்டு மணிக்குள் ஏழு கிழவிகளைக் குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். உடம்பின் எல்லா இடத்தையும் கழுவிவிடுவேன். எனக்கும் கூச்சம் கிடையாது, அவர்களுக்கும் கிடையாது. அந்த இடத்துக்கு ஜெர்மனில் உள்ள பெயரை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன், அறிக்கையில் எழுதுகிறேன். அது அடுத்த வீட்டுப் பாத்திரம் மாதிரி, எடுத்துப் புழங்கக் கூச்சமில்லை.

அப்படிப்பட்டவள்தான் எட்டு வருஷம் அரிப்போடு இருந்தேன். சாதாரண அரிப்பில்லை. படுத்தால் தூங்க விடாது. சொறிந்தால் தோல் வெடித்துவிடும், அப்புறம் ஒன்றுக்குப் போனால் எரிச்சலில் உயிர் போகும். மாதவிலக்கு நிற்கிற வயசு, உடம்புச் சூடு, இப்படித்தான் இருக்கும் என்று நானே எனக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டேன். வெந்தயத்தை ஊறவைத்துக் குடித்தேன். விளக்கெண்ணெய் தடவினேன். கத்திரிக்காயும் கருவாடும் நிறுத்தினேன். மருந்துக் கடையில் படர்தாமரைக்கு விற்கிற களிம்பை வாங்கித் தடவினேன். அவர் உயிரோடு இருந்தபோது அவரிடம்கூடச் சொல்லவில்லை. நான் ஒதுங்கிப் படுப்பதைப் பார்த்து அவர் என்ன நினைத்துக்கொண்டாரோ, அவரும் கேட்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நல்ல மனுஷன், கேட்டிருப்பார்.

கடைசியில் உள்ளாடையில் ரத்தம் பட்ட அன்றைக்குத்தான் பயம் வந்தது. குடும்ப டாக்டரிடம் போய்ச் சீட்டு வாங்கி, அந்தச் சீட்டைக் காட்டி ஆஸ்பத்திரியில் தேதி வாங்கி, தேதிக்காக ஏழு வாரம் காத்திருந்தேன்.

3

ஆஸ்பத்திரியில் முதலில் படிவம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்தது. இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்று டிக் அடித்துத் தொலைத்தேன். அறைக்குள் போனால் மேஜைமேல் ஒரு போன், அதில் தமிழ் பேசும் ஓர் ஆண் குரல். யாழ்ப்பாணப் பக்கத்துப் பெரியவர். "வணக்கம் அம்மா, சுகமா இருக்கிறீங்களோ" என்றார். சுகமாக இருந்தால் இங்கே எதற்கு வருகிறேன். டாக்டரம்மா முதல் கேள்வியைக் கேட்டார். அப்புறம் அந்த மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மா, அந்த... கீழ்ப்பக்கத்தில எவ்வளவு காலமா" என்று இழுத்தார். எனக்கு அவரை நினைத்துப் பாவமாகிவிட்டது. எனக்கே ஜெர்மன் வரும் ஐயா, நீங்கள் போய்ச் சாப்பிடுங்கள் என்று சொல்லி வைக்கச் சொல்லிவிட்டேன். அவர் நன்றி சொன்ன வேகத்தைப் பார்க்க வேண்டுமே.

டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். ஒளிவுமறைவு இல்லாமல் கேட்டார். எத்தனை வருஷமாக, ராத்திரியில் அதிகமா, தோல் வெடிக்கிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பட்டென்று சொன்னேன். அந்தப் பதிலைத்தான் பிறகு நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

கால்களைத் தூக்கி வைக்கிற நாற்காலியில் ஏற்றினார்கள். பெரிய விளக்கை இழுத்து வைத்து, லென்ஸ் வைத்த கருவியில் கண்ணைப் பொருத்தி நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கைக்கண்ணாடியை என்னிடம் நீட்டி, நீங்களும் பாருங்கள் என்றார். எனக்கு ஐம்பத்துநாலு வயது. ஒரு பிள்ளை பெற்றவள். என் உடம்பில் அந்த இடத்தை அதுவரை நான் பார்த்ததே இல்லை. வெட்கத்தில் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். வெள்ளை வெள்ளையாக, காய்ந்த வாழைச்சருகு மாதிரி சுருங்கி மெலிந்து கிடந்தது தோல். சில இடத்தில் மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டியே போயிருந்தது. என் உடம்பு இவ்வளவு கெட்டுப்போகிற வரைக்கும் நான் யார் வீட்டிலோ குடியிருந்திருக்கிறேன்.

இது தொற்று இல்லை, சுத்தக்குறைவும் இல்லை, நீங்கள் செய்த தப்பும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். மேல்தோலில் வருகிற ஒரு நாள்பட்ட வியாதியாம். களிம்பில் அடங்கும், ஆனால் வாழ்நாள் முழுக்கப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு, எல்லாருக்கும் இல்லை, புற்றாக மாறலாம். ஓரிடத்தில் தோல் தடித்திருந்தது. அதனால் துணுக்கு எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்.

மரத்துப்போக ஊசி போட்டார்கள். அந்த ஊசிதான் வலி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் பேனா மூடி மாதிரி ஒரு கருவியை வைத்துத் திருகினார்கள், ஓர் அழுத்தம் மட்டும் தெரிந்தது. ஒரு தையல், தானாகக் கரைவது. சின்ன டப்பாவில் மருந்துத் தண்ணீரில் என் தோல் மிதந்தது. நர்ஸ் அதன்மேல் என் பெயரை ஒட்டினாள், ஓர் எழுத்தைத் தப்பாக எழுதியிருந்தாள். சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் கழுவுங்கள், ஒன்றுக்குப் போகும்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் எரியாது, சைக்கிள் ஓட்ட வேண்டாம், முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டாள் அந்த நர்ஸ். கீழே காத்திருக்கிறார்கள் என்றேன். கீழே பஸ் ஸ்டாப் ஒன்றுதான் காத்திருந்தது.

4

வேலையிடத்தில் இரண்டு நாள் லீவு கேட்கும்போது காரணம் கேட்டார்கள். காலில் ஒரு சின்ன ஆபரேஷன் என்றேன். அந்த ஞாயிறு மலர் கூப்பிட்டாள். குரலில் ஏதோ வித்தியாசம் தெரிந்திருக்கும்போல, என்ன ஆச்சு அம்மா என்று கேட்டாள். காலில் தோல் தகராறு கண்ணு, துணுக்கு எடுத்திருக்கிறார்கள் என்றேன். எந்தக் கால் என்று கேட்டாள். இடது கால் என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல் வாயில் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

போனை வைத்துவிட்டுச் சமையல் கட்டில் நின்றேன். உட்கார முடியாது, தையல் இழுக்கும். இவ்வளவு சுலபமாகக் கால் என்று சொல்ல எனக்கு எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். அப்போதுதான் பாவாயி அக்காவின் ஞாபகம் வந்தது.

பாவாயி என் கூடப்பிறந்த அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். எடப்புளி நாட்டிலேயே கட்டிக்கொடுத்து, மிளகும் குச்சிக்கிழங்கும் போட்டு அங்கேயே இருக்கிறாள். அத்தான் இறந்து நாளாயிற்று, மகனோடும் மருமகளோடும் இருக்கிறாள். அவளுக்குக் கால் வலி என்பது ஊரறிந்த சேதி. வருஷா வருஷம் ஆடியில் மலையிறங்கி அடிவாரத்து மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், கோயில் வாசலில் தட்டுத் தட்டாகத் தகடு வைத்திருப்பார்கள். கண், கை, கால், வயிறு, தொட்டில் என்று உடம்பிலும் வாழ்க்கையிலும் எங்கே குறையோ அந்த உருவம் பதித்த தகட்டை வாங்கி, நோகிற இடத்தை மூன்று சுற்றுச் சுற்றி, உப்பும் மிளகும் சேர்த்து உண்டியலில் போட வேண்டும். அக்கா தன் கொடியில் விளைந்த மிளகையே முந்தானையில் முடிந்து கொண்டுபோவாள். எடுக்கிற தகடு எப்போதும் கால்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அக்கா தகட்டுத் தட்டுக்கு முன்னால் நின்றவள் நின்றுகொண்டே இருந்தாள். விரல் கண்ணைத் தொட்டது, கையைத் தொட்டது, வயிற்றைத் தொட்டது, ஒவ்வொன்றாகப் புரட்டியது. எதையோ தேடினாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலை எடுப்பதற்கு இவ்வளவு நேரமா, மலைக்குப் போகிற பஸ் போய்விடும் என்று பத்துப் பேர் முன்னால் கத்தினேன். அக்கா கால் தகட்டையே எடுத்துக்கொண்டாள். அன்றைக்கே பஸ்ஸை விட்டு இறங்கி ஊருக்குப் போகிற மேட்டில் அரிசிச் சிப்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன். கால் வலிக்காரி இப்படி ஏறுகிறாளே, மாரியாத்தா கைவிடவில்லை என்று நினைத்துக்கொண்டேனே தவிர, என் மரமண்டைக்கு வேறெதுவும் எட்டவில்லை.

அந்தத் தட்டில் அவள் தேடிய தகடு இல்லை. எந்தக் கோயில் வாசலிலும் அது கிடையாது.

இதில் இன்னொரு கூத்து. பன்னிரண்டு வருஷமாக நான் அவளுக்கு முட்டி வலிக்கான களிம்பும், முட்டியில் மாட்டுகிற உறையும், ஒத்தடப் பையும் பார்சல் பார்சலாக அனுப்பிக்கொண்டிருந்தேன். கிடைத்ததா என்று கேட்டால் கிடைத்தது சாமி, நல்லாக் கேக்குது என்பாள்.

5

இரண்டு வாரம் கழித்து என் முடிவு வந்தது. புற்று இல்லை. களிம்பை ஒரு மாதம் தினமும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரம் இரண்டு தடவை தடவ வேண்டும். வருஷம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும். டாக்டரம்மாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, நீங்கள் அன்றைக்குக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதற்குத் தப்பாகச் சொல்லிவிட்டேன், எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்றேன். அப்படியானால் சீக்கிரம் காட்டச் சொல்லுங்கள் என்றார்.

காட்டச் சொல்வது எப்படி? அக்கா வீட்டில் போனில் சிக்னல் கிடையாது. கீழே ரோட்டு வளைவில், பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்குப் பக்கத்தில்தான் கிடைக்கும். மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொடுப்பாள், பஸ்ஸுக்கு நிற்கிற அத்தனை பேரும் ஜெர்மனிக்காரி என்ன சொல்கிறாள் என்று காது கொடுப்பார்கள். ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னால் அதற்கு மேல் சந்தேகம் வரும். இரண்டு தடவை கூப்பிட்டு, மழை உண்டா, மிளகு பிடித்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டு, புரட்டாசியில் வாரேன் அக்கா என்றேன். திடுதிப்பென்று என்னத்துக்கு என்றாள். உன்னைப் பார்க்க என்றேன். அக்கம்பக்கத்தில் யாரோ சிரிப்பது கேட்டது.

லீவு விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அக்காவுக்குக் கால் வலி என்று எழுதினேன். அதுதான் நான் எழுதிய கடைசிக் கால் வலி என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மருந்துக் கடைக்குப் போய் ஒரு கைக்கண்ணாடி வாங்கினேன். பிடி வைத்தது, வட்டமானது. பெட்டியில் புடவைக்கு நடுவே சுற்றி வைத்தேன்.

6

எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மேகம் ரோட்டில் படுத்திருந்தது. அக்கா பஸ் நிற்கிற இடத்திலேயே நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். நடக்கும்போது கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்தாள். ஐந்து வருஷத்துக்கு முன் அப்படி நடக்கவில்லை. வீட்டில் டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டினாள், நான் அனுப்பிய களிம்பெல்லாம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. ஒரு முட்டி உறையை மட்டும் எடுத்து, அடுப்பிலிருந்து சூட்டுச் சட்டி இறக்கக் கையில் மாட்டிப் பழக்கியிருந்தாள்.

முதல் மூன்று நாள் வாய் வரவில்லை. மகனும் மருமகளும் வந்தவர் போனவரும் சுற்றியிருந்தார்கள். நான்காம் நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதாக அக்கா சொன்னாள். சின்ன வயசிலிருந்து அவள்தான் எனக்குத் தேய்த்துவிடுவாள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட குளியலறை, அண்டாவில் கொதிதண்ணி, கிண்ணத்தில் கரைத்து வைத்த அரப்பு. என்னைப் பலகையில் உட்கார வைத்துத் தலையில் அரப்பை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

உன் காலில் எங்கேயக்கா வலி என்று கேட்டேன். வலது முட்டி என்றாள். நேற்று இடது முட்டி என்றாயே என்றேன். ரண்டும்தான் என்று சொல்லிவிட்டு என் தலையை இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

"அக்கா, கதவச் சாத்திட்டு இங்க உக்காரு" என்றேன். "எனக்கும் கால் வலின்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கறேன்."

தலைமேல் இருந்த கை நின்றுவிட்டது. அரப்புத் தண்ணி என் கண்ணில் வழிந்து எரிந்தது. நான் துடைக்கவில்லை. கதவுக்குக் கொண்டி போடுகிற சத்தம் கேட்டது. அக்கா எனக்கு எதிரே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தாள்.

"உனக்கும் அங்கதானா கண்ணு?" என்றாள்.

எட்டு வருஷமாக என்றேன். எனக்குப் பதினாலு என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று அக்கா தண்ணீர்ச் சொம்பை எடுத்து எடுத்துத் தரையில் ஊற்றினாள். அழுதுகொண்டே ஊற்றினாள்.

அவளும் வேப்பிலை போட்டுக் கழுவி, விளக்கெண்ணெய் போட்டு, சேந்தமங்கலத்துச் சந்தைக்குப் போகும்போது படைக் களிம்பு வாங்கிப் போட்டு, நான் செய்த அத்தனையும் எனக்கு முன்னாலேயே செய்திருக்கிறாள். யாரிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறதோ தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஆருகிட்ட கண்ணு சொல்றது? சாமிகிட்டயே கால்னுதான சொன்னேன்."

தலையை அலசிச் சேலையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெட்டியிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்தேன். அக்கா ஒரேயடியாக மறுத்தாள். அறுபது வயசுக்கு மேல் இதென்ன அசிங்கம் என்றாள். சரி, நீ காட்ட வேண்டாம், என்னுடையதைப் பார் என்று நான் முதலில் சேலையை விலக்கிக் காட்டினேன். தையல் போட்ட தடத்தைக் காட்டினேன், எங்கே வெளுத்திருந்தது, களிம்பு போட்டு எங்கே தேறியிருக்கிறது என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னதுபோலவே சொன்னேன். அக்கா குனிந்து பார்த்தாள். எனக்கு மூத்திரத் துணி மாற்றிவிட்டவள் அவள். இப்படியேதான் கண்ணு, கையில தட்டுப்படறது இப்படியேதான் என்றாள். அப்புறம் கண்ணாடிக்குக் கை நீட்டினாள்.

அவளுக்கு வெறும் வெளுப்பு மட்டும் இல்லை. ஒரு பக்கத்தில் காசளவு புண் இருந்தது. ஓரம் கெட்டியாக இருந்தது. நான்கு மாதமாக ஆறவில்லை என்றாள். பயத்தை முகத்தில் காட்டாமல், திங்கட்கிழமை நாமக்கல் போறோம் என்று சொன்னேன்.

நாமக்கல்லில் லேடி டாக்டர் பார்த்தார். அங்கேயும் அதே ஊசி, அதே திருகல், அதே சின்ன டப்பா. பெயரில் எழுத்துப் பிழை இல்லை. மேஜைமேல் படுத்திருந்த அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டார். "என்ற தங்கச்சிங்க" என்றாள் அக்கா. அதைக் கேட்டபோது எனக்கு அந்த ஜெர்மன் நர்ஸும் பஸ் ஸ்டாப்பும் ஞாபகம் வந்தது.

7

முடிவு வருவதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. புற்று ஆரம்பித்திருந்தது. ஆனால் பரவவில்லை, இப்போதே வந்து காட்டியது நல்லது என்றார்களாம். ஐப்பசியில் சேலத்தில் ஆபரேஷன். ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு மருமகள்தான் கூட இருந்தாள். எல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை அக்காவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டது. இத்தனை வருஷம் அவளுக்குப் பயந்துதான் அக்கா வாய் திறக்கவில்லை. நான் அன்று காலை வழக்கம்போல் ஏழு கிழவிகளைக் குளிப்பாட்டினேன். ஐந்தாவது கிழவியைத் துடைக்கும்போது கை ஓடவில்லை. அந்தக் கிழவி என் கையைத் தட்டிக்கொடுத்து, குளிராக இல்லை, பயப்படாதே என்றாள். அவளுக்கு என்னை யாரென்றே தெரியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கா சேலம் போய்க் காட்டி வருகிறாள். போன வாரம் வரைக்கும் ஒன்றும் திரும்பவில்லை. எனக்கோ வியாழக்கிழமை எட்டு நாற்பது.

நேற்று ஆடி வெள்ளி. வேலை முடிந்து வந்து அக்காவைக் கூப்பிட்டேன். ரோட்டு வளைவில்தான் இருந்தாள், கோயிலுக்குப் போய்த் திரும்பிப் பஸ்ஸை விட்டு அப்போதுதான் இறங்கியிருந்தாள். பக்கத்தில் ஆட்கள் பேசுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவையும் கால்தானா என்று கேலியாகக் கேட்டேன்.

இல்லை என்றாள். முழு உருவம் வாங்கினாளாம். பொம்பளை உருவம், தலையிலிருந்து கால் வரைக்கும் பதித்தது. அந்தத் தட்டிலேயே ஓரத்தில் கிடந்ததாம், இத்தனை வருஷம் கண்ணில் படவில்லையாம். குரலைத் தணிக்காமல், அத்தனை பேர் நடுவில் சொன்னாள்.

"அதுல எல்லாமே இருக்குதில்ல கண்ணு. எனக்கு வெட்டுனதும் இருக்குது. ரண்டு வாங்கிச் சுத்திப் போட்டேன், ஒன்னு உன்ற பேருக்கு."

இங்கே ஜன்னலுக்கு வெளியே பளிச்சென்று வெயில், தெருவில் ஓர் ஆள் இல்லை. அக்கா இன்னும் லைனில்தான் இருந்தாள்.

"பாப்பாகிட்டச் சொல்லிட்டயா?" என்று கேட்டாள். பாப்பா என்பது என் மலர்.

இல்லை என்றேன். அவளுக்கு வேலை அதிகம், அவளுக்குத் தமிழ் அவ்வளவாக, எனக்கு ஜெர்மனில் அதை அவளிடம் எப்படி, என்று என்னென்னவோ சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எனக்குச் சொல்ல ஏரோப்ளேன் ஏறி வந்தயே சாமி. அவ ரயில்ல போற தூரத்துலதான இருக்கறா? கூடப்பொறந்தவளுக்கு வந்தது உனக்குப் பொறந்தவளுக்கும் வருமில்ல?"

சிக்னல் போய்விட்டது. ஒரு வருஷமாகியும் மலருக்கு இன்னமும் என் இடது கால்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் எப்படி இருக்கிறது அம்மா என்று தவறாமல் கேட்கிறாள், பிள்ளை. நானும் தேவலை என்கிறேன்.

இன்று மலர் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை, சனிக்கிழமை. நானே கூப்பிட்டேன். ஏழெட்டுத் தடவை மணி அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் பாட்டுச் சத்தமும் அவள் சிநேகிதிகள் சிரிக்கிற சத்தமும் கேட்டன. "என்னம்மா, கால் வலிக்கிறதா?" என்று பதறிக் கேட்டாள்.

"கால் நல்லா இருக்குது கண்ணு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. நீ உள்ள போய்க் கதவச் சாத்திட்டு உக்காரு, ஒன்னு சொல்லோணும்."

பாட்டுச் சத்தம் தூரமாகப் போயிற்று. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "உட்கார்ந்துவிட்டேன் அம்மா, சொல்லுங்கள்" என்றாள்.